தைத்து வைத்த கடைசி அத்தியாயம்

எனக்கும் என் தம்பி பெண்டாட்டி பூங்காவனத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆரணியில் எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டைக் குறுக்கே தடுத்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி குமரேசன் என்று பிரித்துக்கொண்டோம். தடுத்தது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தறி ஓடினால் இந்தப் பக்கம் என் அலமாரியில் டம்ளர் ஆடும். தறிச் சத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அந்தச் சத்தத்துக்கும் மேலே அவள் கத்திக் கத்திப் படிப்பாளே கொலைக் கதை, அதுதான் பேஜார்.

ஒரு கொலையா, இரண்டு கொலையா? நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வருவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது செத்திருப்பார்கள். மத்தியானம் நான் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது போலீஸ் வந்திருக்கும். குமரேசன் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருப்பான். அவள் பக்கத்தில் அரிசி டின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருப்பாள். கையும் காலும் தறியில் மாட்டிக்கொண்டவனுக்குக் காது மட்டும்தானே சும்மா இருக்கிறது என்று அவள் ஆரம்பித்து வைத்த பழக்கம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, விடவே இல்லை.

கதை சூடு பிடித்தால் தறி மெதுவாகும். யாரோ இருட்டில் கதவைத் திறக்கிறார்கள் என்றால் நின்றே போய்விடும். அப்போதுதான் அவன் குரல் வரும்: "சத்தமா படி பூங்கா, கேக்கல." தறி நிற்கிறது, தெருவே அமைதியாக இருக்கிறது, எனக்கே இந்தப் பக்கம் கேட்கிறது, துரைக்குக் கேட்கவில்லையாம்! நல்ல இடத்தை இரண்டு தடவை கேட்பதற்கு அவன் செய்கிற தந்திரம் அது. அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் திரும்பப் படிப்பாள்.

புத்தகமெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் பொன்னுசாமியிடம் வாங்குவது. மூட்டையில் கொலைக் கதை வந்தால் தனியாக எடுத்துவைப்பான். அவள் கடைக்குப் போனதும், கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' இருக்கிறதா என்று அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. ஒரு தடவை வாய் தவறி, "கடைசில அந்த வக்கீல்..." என்று ஆரம்பித்துவிட்டான். அவள் காதைப் பொத்திக்கொண்டு கடையை விட்டு ஓடியே வந்துவிட்டாள். பிறகு ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை மோந்து பார்ப்பாள். வெயிலில் காட்டுவாள். காலண்டர் தாளில் அட்டை போடுவாள். பக்க ஓரத்தை மடித்து வைத்திருந்தால், மடித்த மகராசியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே நீவி விடுவாள். கடைசியாக ஊசியை எடுப்பாள். கடைசி அத்தியாயத்தை அதன் எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின் அட்டை வரைக்கும் ஓரத்தில் பட்டு நூலால் தைத்துவிடுவாள். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதாம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் எட்டிப் பார்க்க? பிள்ளை குட்டியும் இல்லை. எனக்காகத்தான் தைத்தாளோ என்னவோ.

தையல் எப்போது பிரியும் என்றால், தறியிலிருந்து சேலை அறுக்கிற அன்றைக்கு. அதுதான் அவர்களுக்குள் பேச்சு. சேலை முடிகிற வேகத்துக்குக் கதையை இழுத்துப் பிடித்துப் படிப்பாள். அவன் சேலையை அறுத்ததும் அதே பிளேடை இவளிடம் கொடுப்பான், இவள் தையலை அறுப்பாள். அதற்கு முன்னால் இரண்டு பேரும் கொலைகாரன் யார் என்று சொல்லிவிட வேண்டும். அவன் தோற்றால் அன்றைக்கு அவன் சமையல். அவள் தோற்றால் அவள் தறியில் உட்கார வேண்டும், அவன் அரிசி டின் மேல் உட்கார்ந்து படிப்பான். அவள் பிறந்த வீட்டில் தறியில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். இனிமேல் தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். அவளை அதில் உட்கார வைத்துப் பார்க்க அவனுக்குக் கொள்ளை ஆசை.

எங்கே ஜெயித்தான்? கதையில் எவன் காரில் வந்து இறங்கினாலும் அவன்தான் கொலைகாரன் என்பான். இவளோ ஒவ்வொருவனையும் சலித்து எடுப்பாள். எந்த ஆளைப் பற்றிக் கதை எழுதுகிறவர் பேசாமல் நழுவுகிறாரோ அந்த ஆளை விடாதீர்கள் அண்ணி என்று எனக்குப் பாடம் வேறு. ஊரில் இருப்பவர்களையும் விட மாட்டாள். எங்களுக்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி சம்பந்தம், தனக்கு எதிரியே கிடையாது என்று அடிக்கடி சொல்வார். "இவரு கதையில வந்தாருன்னா மூணாவது அத்தியாயத்துல செத்துடுவாரு" என்றாள் ஒரு நாள். அவர் வந்து போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆக, சேலை அறுக்கிற அன்றைக்கெல்லாம் என் தம்பிதான் சமையல். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் ஒரு கிண்ணம் தக்காளி சோறு வரும். உப்பு தூக்கலாக இருக்கும். அந்த உப்புச் சோற்றுக்கு இன்றைக்கு எங்கே போவேன்.

அவன் கண்ணில் மஞ்சள் தட்டியதை முதலில் பார்த்தவளும் அவள்தான். கையோடு வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். குடிக்காதவனுக்கு எப்படிக் கெடும் என்று நான் டாக்டரிடமே சண்டைக்குப் போனேன். குடிக்காதவர்களுக்கும் வரும் அம்மா என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அவர் பொறுமையாகப் பேசியதிலேயே எனக்குப் புரிந்துபோனது.

அப்போது தறியில் ஒரு கல்யாணச் சேலை, முந்தானை மட்டும் பாக்கி. புத்தகத்திலும் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மலை பங்களாவில் ஒரு ரைஸ் மில் முதலாளி செத்துக் கிடக்கிற கதை. இவள் டாக்டர்தான் கொலைகாரன் என்று சொல்லிவிட்டாள். குமரேசன் அந்தத் தடவை காரில் வந்தவனை விட்டுவிட்டான். தோட்டக்காரன் என்றான். ராத்திரி பூரா மழை பெய்திருக்கிறது, காலையில் எழுந்து செடிக்கு எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று கேட்டான். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தோட்டக்காரனும் சமையல்காரனும் கதையில் சும்மா வந்து போகிறவர்கள் என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். காது இருப்பதால் கேட்கிறது, வேறென்ன.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒயர் கூடையில் பிளாஸ்க், துண்டு, அதன் அடியில் அந்தப் புத்தகம். வார்டில் வேறு புத்தகங்கள் படித்துக் காட்டினாள், இதைத் தொடவில்லை. அவன் உடம்பு நாளுக்கு நாள் சுருங்கியது, வயிறு மட்டும் உப்பியது. ஆனால் அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

"பூங்கா, தோட்டக்காரன்தானே? அத மட்டும் பாத்துச் சொல்லேன்."

"வூட்டுக்கு வந்து சேலைய அறுங்க. அப்பறம் பிரிக்கிறேன்."

ஒரு தடவை கேட்டான், சொல்லவில்லை. மறுநாளும் கேட்டான், சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவன் சொத்தா கேட்கிறான்? வராந்தாவில் அவளை நிறுத்தி, நர்ஸ் மேசையில் கத்திரிக்கோல் இருக்கிறது, அந்த நூலை வெட்டினால் உன் கை தேய்ந்தா போய்விடும் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டாள். இவளுக்கு மனசு இருக்க வேண்டிய இடத்தில் புத்தகம்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியாகக் கேட்டபோது அவனே, சரி, அறுத்துவிட்டே படிக்கலாம் என்று சொல்லி அவள் கையைத் தட்டிக் கொடுத்தான். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்தது. சம்பந்தம் நல்ல மனுஷன், அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் வந்து, கல்யாண வீட்டுக்காரர்கள் நெருக்குகிறார்கள், ஆளை அனுப்பி முந்தானையை முடித்துக்கொள்கிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பூங்காவனம் தறிமேடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். தறி மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தாள். அதன் மேல் அந்தப் புத்தகம் இருந்தது. சேலையை அறுத்தால் தையலைப் பிரிக்க வேண்டும், அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவனுக்குக் கொடுக்காததை நீ மட்டும் என்ன படிப்பது என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கல்யாணப் பெண்ணின் அம்மாவே வந்து நின்றுவிட்டாள். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. ஜெயச்சந்திரன் என்று ஒரு நெசவாளி வந்து முந்தானையை முடித்தான். அவன் தறியை மிதித்த நேரமெல்லாம் பூங்காவனம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வேறு ஆள் மிதித்தால் தறியின் சத்தமே வேறு. என் டம்ளர்கள்கூட வேறு மாதிரி ஆடின. அறுக்கிற நேரத்துக்கு நானும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவன் பிளேடு கேட்டான். அவளே கொண்டுவந்து கொடுத்தாள், அறுத்ததும் கை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள். பாவில் இன்னும் ஒரு சேலைக்கு நூல் இருக்கிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவள் அரிசி டின் மேல் உட்கார்ந்தாள். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். "இருங்க அண்ணி" என்றாள். தையலை ஒவ்வொரு இழையாக அறுத்தாள். பிறகு படிக்க ஆரம்பித்தாள். தறி நிற்கிறது, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, ஆனாலும் தறிக்கு மேலே கேட்கிற மாதிரி அடித்தொண்டையில் கத்திப் படித்தாள். அந்த வீட்டில் வேறு மாதிரி படிக்க அவளுக்குத் தெரியாது. அந்த வெறும் தறிக்குழியைப் பார்த்துக்கொண்டே கத்தினாள்.

கதையில் டாக்டரைக் கூட்டி வைத்து விசாரித்தார்கள். அவன் இல்லை. மில் முதலாளியின் தம்பியும் இல்லை. ஈர மண்ணில் பதிந்த கால் தடத்தை அழிக்கத்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று ஒரு வரி வந்தது. அதோடு அவள் குரல் நின்றுவிட்டது.

"அண்ணி, தோட்டக்காரன்தான்."

விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிலயே பிரிச்சா, அவரு இனிமே வூட்டுக்கு வரமாட்டாருன்னு நானே அவர்கிட்ட சொன்ன மாதிரி ஆயிடும்னு பயந்தேன். கேட்டுகினே இருந்தாரு அண்ணி. இத்தினி வருஷத்துல ஒரே ஒரு தடவ ஜெயிச்சாரு. அதுவும் அவருக்குத் தெரியாமப் போச்சு."

அவன் செத்த அன்றைக்கு அழாதவள் அப்போது அழுதாள். தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு, புத்தகத்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அத்தனை நாள் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவன் ஜெயித்துவிட்டான் என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது?

திங்கட்கிழமை காலையில் என் அலமாரியில் டம்ளர்கள் ஆடின. பழைய மாதிரியே ஆடின. ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், என் தம்பி வந்துவிட்டான் என்றே நினைத்தேன். கையில் இருந்த கரண்டியோடு ஓடினேன். தறிக்குழியில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். ஜெயச்சந்திரனைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். எத்தனையோ வருஷம் தொடாத நாடா, தட்டுத் தடுமாறித்தான் ஓடியது, மிதி மட்டும் அச்சு அசல் என் தம்பி மிதி மாதிரி இருந்தது. பந்தயத்தில் தோற்றவள் உட்கார வேண்டும் இல்லையா என்றாள். அரிசி டின் மேல் புதிதாக ஒரு புத்தகம் இருந்தது, கடைசி அத்தியாயம் தைத்தபடி.

"அவருதான் படிக்கணும். அவருக்குப் பதிலா நீங்க படிங்க அண்ணி."

நான் ஏழாவது வரை படித்தவள். கண்ணாடியை எடுத்து வந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் பக்கத்தை ஆரம்பித்தேன். ஒரு ரயில், ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பெண்ணின் செருப்பு. அந்தச் செருப்பு வந்த இடத்தில் அவள் முகத்தைத் தறியில் சாய்த்துக்கொண்டாள்.

"சத்தமா படிங்க அண்ணி, கேக்கல" என்றாள்.

தறி நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. நான் திரும்ப முதல் வரியிலிருந்து படித்தேன்.