துர்க்கா ஒட்டிய படங்கள்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்னில் அந்த மாடிக் கட்டடத்தில் யாருடைய கொம்பியூட்டர் படுத்தாலும் துர்க்காவைத்தான் கூப்பிடுவார்கள். பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. வைரஸ் எடுப்பாள், மறந்த பாஸ்வேர்டை மீட்பாள், ஒன்லைன் படிவம் நிரப்புவாள். தகப்பனுக்குத் தலைகால் தெரியாத பெருமை. அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லையென்றால் பொய்.

2009 மே மாதம், யுத்தம் முடிந்ததென்று செய்தி வந்த கிழமை, பள்ளிக்கூட நூலகச் சுவரில் யுத்தத்தில் இறந்தவர்களின் படங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் வைக்க அதிபர் சம்மதித்தார். ஆறாம் மாடி அன்ரனெற் அன்ரி தன் தங்கையின் மகள் நிறோஜினியின் படத்தைக் கொடுத்தார். சீருடை, இரட்டைப் பின்னல், சிரிப்பு. மார்ச்சில் வன்னியில் ஷெல் விழுந்து இறந்தவள்.

“கவனம் பிள்ளை. வேற கொப்பி இல்லை.”

சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து யார் அழப்போகிறார்கள் என்று துர்க்கா கணக்குப் போட்டாள். ஈமெயிலில் வந்த வேறொரு படத்தை, இடிபாட்டில் குழந்தையோடு ஒரு தாய், பெரிதாக்கி நடுவில் ஒட்டினாள்; நிறோஜினியை ஓரத்தில் வைத்தாள். எங்கே எடுத்தது என்று நூலகர் கேட்டார்.

“எங்கட ஆக்கள் அனுப்பினது, மிஸ்.”

இழவுச் செய்தி சொன்னவரிடம் யாராவது ஆதாரம் கேட்பார்களா? அவள் வளர்ந்த வீட்டில் கேட்கமாட்டார்கள். இணையத்தில் எதையும் துருவிப் பார்க்கிறவள் இதை மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வகுப்புத் தோழி தீப்தி லாப்டொப்பைத் திருப்பிக் காட்டினாள். அதே தாய், அதே குழந்தை. வேறு நாடு, நாலு வருடத்துக்கு முந்திய நிலநடுக்கம். பிறகு நிறோஜினியைக் காட்டித் தயங்கிக் கேட்டாள்: “அப்போ இதுவும் டவுன்லோட்தானா?”

“இல்லை, இது உண்மை.”

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். துர்க்காவுக்கு வெட்கம் ஒரு பக்கம். செத்த பிள்ளையைத் தானே பொய்யாக்கிவிட்டேன் என்ற குற்ற உணர்வு அதைவிடப் பெரிது.

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கதவு திறந்ததுமே அன்ரி ஆவலாகக் கேட்டார்.

“எல்லாரும் பாத்தவையே? என்ன சொன்னவை?”

எல்லாரும் அழுதார்கள் என்று சொல்லத்தான் லிஃப்டில் முடிவு செய்திருந்தாள். வாய் வரவில்லை.

“ஒருத்தரும் நம்பேல்லை அன்ரி. நான் ஒரு பிழையான படம் போட்டிட்டன். அதால உங்கட படத்தையும் நம்பேல்லை.”

அன்ரி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. விளங்காமல்தான் கேட்டார்.

“எதைப் பிள்ளை நம்பேல்லை? இவள் செத்ததையோ, இருந்ததையோ?”