இங்கிரிட் அக்காவின் ஆனித் திருநாள்

போன கிழமை மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியத்துக்குச் சரக்கு அரைக்கவென்று சதகுப்பையை வறுக்கப் போனேன். சட்டி சூடேறி அந்த வாசம் குசினிக்குள் எழும்பியதும் எனக்கு நினைவில் வந்தவ ஒரு சுவீடன்காரி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. துறைமுகத்தை அண்டிய தெருவில், பெரிய வளவுக்குள் ஒரு சுவீடன் மிசன் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பின்பக்க அறையில் நான். பின்னேரங்களில் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன். போதகர் புத்தகத்தைப் போலவே பேசுவார். "தங்கையே, தேநீர் அருந்தினீரோ?" என்பார். மனைவி இங்கிரிட் அக்கா மீன்காரரிடம் தமிழ் பிடித்தவ. வசவும் சேர்த்துத்தான். ஒரே மகள் ஆன்னாவுக்கு அப்போது எட்டு வயது.

அவர்கள் நாட்டில் ஆனி மாதத்தில் ஒரு திருநாள் வரும். கோடையின் உச்சம், அன்றைக்கு நம்முடைய இராச்சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெயில் எறிக்குமாம். ஒரு கம்பத்துக்கு இலையும் பூவும் கட்டி நட்டு, சுற்றி நின்று ஆடுவார்கள். நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த வருசம் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மீனவர் இராசையா அண்ணை தன் வள்ளத்துப் பாய்மரத்தை இரவல் தந்தார். அதன் குறுக்குத் தடியில் இரண்டு பழைய சைக்கிள் வளையங்களுக்குப் பூச்சுற்றித் தொங்கவிட்டோம். தவளை மாதிரிக் குந்திக் குந்திக் குதிக்கிற ஆட்டம் ஒன்று உண்டு. சேலையோடு குதித்து நான் விழுந்ததைத் தெருவே பார்த்தது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவித்த கிழங்குக்குப் போடத் தங்கள் ஊர்க் கீரை இல்லையே என்று அக்கா கவலைப்பட்டதும் அந்த முறைதான். பக்கத்து வீட்டு ஆயிஷா ராத்தாவின் புருசன் காசிம் நானா மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்தார். கிண்ணியா ஆட்கள். கடையில் ஒவ்வொரு சாக்காக மணந்துகொண்டு போன அக்கா சதகுப்பைக்கு முன்னால் நின்றுவிட்டா. அவ தேடிய கீரையின் விதையே அதுதான்.

"ஊட்டுல ஆரும் புள்ள பெத்திருக்காங்களா?" என்று நானா கேட்டார்.

"இல்லை, கிழங்கு அவிக்க," என்றா அக்கா.

நானா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அடுத்த தை மாதம் ஆன்னாவைக் கொடைக்கானலுக்கு அனுப்பினார்கள். மிசன் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. அவர்களுக்குள் அது வழக்கம். அதற்குப் பிறகு அக்கா வேறு ஆள். பாடத்துக்கு வந்து இருப்பா, கொப்பியைத் திறக்கமாட்டா. ஆனி பிறந்ததும், "இந்த முறை ஒண்டும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டா.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை இராசையா அண்ணை பாய்மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்றார். பின்னால் போதகர், களவு செய்து பிடிபட்டவர் போல. மனைவிக்குச் சொல்லாமல் போய்க் கேட்டிருக்கிறார். அக்கா தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

"என்ன தங்கச்சி, திருப்பிக் கொண்டுபோகவோ?" அண்ணை என்னைக் கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆயிஷா ராத்தாதான் பதில் சொன்னா: "கிடக்கட்டும். நான் வாறன்."

மடி நிறையச் செவ்வரத்தம் பூவோடு வந்தா. வளவுக்குள் சப்பாணி கொட்டி இருந்து, கிடத்தியிருந்த மரத்தில் பூவைக் கட்டத் தொடங்கினா. கலியாணப் பந்தல்கால் மாதிரி மேலே ஒரு குஞ்சம், கீழே ஒரு குஞ்சம். நானும் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் யன்னல் திறந்தது. பிறகு கதவு.

"அப்பிடி இல்லை," என்றா இங்கிரிட் அக்கா. "முதல் இலை. பிறகுதான் பூ."

"அப்ப நீங்களே கட்டுங்க," என்று ராத்தா நூற்பந்தை அவவின் கையில் வைத்தா.

மூன்று பேருமாகக் கட்டினோம். பாதியில் அக்காவின் கை நின்றது. "உச்சிப் பூ ஆன்னாதான் கட்டுறவள்," என்றா.

ராத்தா தலை நிமிராமலே கேட்டா: "சின்னப் புள்ளய ஏன் கடல் தாண்டி அனுப்பின நீங்க? இஞ்ச பள்ளிக்கூடம் இல்லையா?"

அத்தனை மாதமும் யாரும் கேட்காத கேள்வி. அதே வீட்டில் இருந்த நானும் கேட்கவில்லை. அக்கா நிமிர்ந்து போதகரைப் பார்த்தா. அவர், புத்தகத் தமிழெல்லாம் எங்கேயோ போக, "ஓம். அவள் இல்லாமல் எனக்கும் ஏலாது," என்றார்.

அன்றைக்கு ஆடினோம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் தவளையாகக் குதித்தார்கள். அக்கா குதித்துக்கொண்டே அழுதா.

அடுத்த கிழமையே இருவரும் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மிசன் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளைச் சீருடையோடு ஆன்னா என் வகுப்பிலேயே இருந்தாள். வாய்பாடு தமிழில் பாடமாக்கினாள். சண்டை பிடித்ததும் தமிழில்தான்.

அந்த வீடு இப்போது இல்லை. வளவு முழுக்க ஒரு ஹோட்டல் நிற்கிறது. காசிம் நானா குடும்பம் கிண்ணியாவுக்கே திரும்பிவிட்டது. சண்டை தொடங்கிக் கடலுக்குப் போகத் தடை வந்த காலத்தில் இராசையா அண்ணையின் வள்ளம் கரையில் கிடந்தே உக்கிப்போனது. தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று.

மிசன் குடும்பம் ஊரை விட்டுப் போனபோது ஆன்னா என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். ரயில் யன்னலால் எட்டி என் கையைப் பிடித்து, "ரீச்சர், போயிட்டு வாறன்," என்றாள். வரவில்லை. பிந்திய வருசங்களில் எங்கள் தெருவிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனவர்களும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.