மூன்று பேரில் இரண்டு கையெழுத்து

மகள் கல்யாணத்தில் எல்லாரும் ஆடிய வீடியோவை வெண்டல் ப்ரெய்த்வெய்ட் இணையத்தில் ஏற்றினார். மறுநாள் காலையில் பார்த்தால் பாட்டு மட்டும் ஊமையாகியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். நடுவில் ஓரிடத்தில் இருநூறு விருந்தாளிகளும் ஒன்றாக வாயைப் பிளந்து எதையோ கேட்கிறார்கள். அதுவும் கேட்கவில்லை. கீழே ஒரு குறிப்பு: இந்தப் பாட்டின் உரிமையாளர் அனுமதி தரவில்லை.

மைக் பிடித்தவர் வெண்டல். பாட்டில் இருக்கும் குரலும் வெண்டலுடையதுதான், இருபது வயதில் பாடியது. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தது. 'பாடகருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? ரசிகர், குடும்பத்தார், மற்றவை.' நேர்மையாக யோசித்தால் அது லேசான கேள்வி இல்லை. வெண்டல் வெகுநேரம் யோசித்து 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தார். பதில் வரவில்லை.

பிராங்க்ஸில் கன் ஹில் சாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் அவர். முப்பத்தோரு வருஷமாக வொயிட் பிளெய்ன்ஸ் சாலையில் பஸ் ஓட்டுகிறார். அதற்கு முன்னால், 1987இல், 'கன் ஹில் த்ரீ' என்ற மூவர் குழுவில் ராப் பாடினார். ஒரே ஓர் ஆல்பம் வந்தது. இன்று அதை ஹிப்-ஹாப்பின் செவ்வியல் படைப்பு என்று எழுதுகிறார்கள். அவ்வளவு சொல்லலாமா என்பது சந்தேகம்தான். ஒன்பது பாட்டில் நான்கு, அடுத்த தெருக் கோஷ்டியைத் திட்டுவது. மூன்று, வெண்டல் தன்னைத்தானே மெச்சிக்கொள்வது. எட்டாவது பாட்டு உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி அதன் உரிமையை ஒரு கேசட் கம்பெனிக்கு விற்றது. அது ஒரு சினிமாக் கம்பெனிக்கு விற்றது. கடைசியாக டெலவேரில் இருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கையில் வந்து நின்றது. அந்த நிறுவனத்துக்குக் கார் கழுவும் நிலையங்களும் உண்டு.

பஸ் தொழிலாளர் சங்கத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை கிடைக்கும். வக்கீல் ரோஸ்மேரி அடூ வழக்கமாகப் பார்ப்பது விவாகரத்தும் வாடகைத் தகராறும். வெண்டல் கொண்டுவந்த பழைய ஒப்பந்தத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஆயிட்டா, அடுத்த அஞ்சு வருஷத்துக்குள்ள எழுதிக் கொடுத்தவங்க திருப்பி வாங்கிக்கலாம் சார். சட்டமே இருக்கு. ஆனா அந்த அஞ்சு வருஷம் முடியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நோட்டீஸ் அனுப்பணும். உங்களுக்குக் கடைசி நாள் இந்த மாசம் முப்பத்தொண்ணு."

"இன்னிக்கு பன்னெண்டு."

"ஆமா. அதை விட்டா உங்க ஆயுசுக்கும் அது கார் கழுவுறவங்களோடதுதான். மூணு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. அதுல ரெண்டு பேராவது போட்டாத்தான் நோட்டீஸ் செல்லும்."

வெண்டல் ஒருவர். இன்னும் ஒருவர் வேண்டும்.

முதலில் குழுவின் டிஜே ஹெக்டர் வில்லாஃபான்யாவைப் போனில் கூப்பிட்டார். ஹெக்டர் இப்போது ஃபுளோரிடாவில் போதகர்.

"அந்த ரெக்கார்டுல இருக்கிற கெட்ட வார்த்தையெல்லாம் தெரியுமில்ல? அதுல கையெழுத்துப் போட்ட ஹெக்டர் செத்துட்டான், வெண்டல்."

"அப்ப இப்ப பேசுறது யாரு?"

"மறுபடி பொறந்தவன்."

"பொறந்தவனுக்குக் கை இருக்குமில்ல? அதால போடு."

"உனக்காக ஜெபம் பண்றேன்" என்று ஹெக்டர் போனை வைத்துவிட்டார். மறுபிறவியை இந்தச் சட்டம் கண்டுகொள்வதில்லை என்றார் வக்கீல். ஆனால் ஹெக்டர் கண்டுகொண்டிருந்தார், கையெழுத்துப் போட மாட்டார்.

மிச்சம் கார்னெல் டிப்ஸ். அவர் குழுவின் ஆட்டக்காரர். தலையை ஊன்றிச் சுழல்வதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒலித்தட்டில் ஆட்டம் கேட்காது. ஆல்பம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, தும்மக்கூட இல்லை. அன்றைக்குக் கம்பெனிக்காரர் "குழுவில் யார் யார்?" என்று கேட்டபோது மூவரும் ஒன்றாக நின்றார்கள், மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தெருவில் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டு யாரும் பேனாவைத் தொடுவதில்லை.

கார்னெல் வெண்டலுடன் பேசி முப்பத்தெட்டு வருஷமாகிறது. ஆறு கட்டடம் தள்ளிக் குடியிருக்கிறார், மின்தூக்கி பழுது பார்க்கிறார். நிறுத்தத்தில் வெண்டலின் பஸ் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். பனி கொட்டினாலும் அப்படித்தான்.

காரணம், ஆல்பத்தின் பின்னட்டை. அந்தக் காலத்தில் பாட்டைவிட நன்றிப் பட்டியலைத்தான் தெருவே கூர்ந்து படிக்கும். யார் பேர் இருக்கிறது, யார் பேர் எத்தனாவது என்று விரல் வைத்துத் தேடுவார்கள். வெண்டல் எழுபத்தோரு பேருக்கு நன்றி எழுதியிருந்தார். முடிதிருத்துபவர், ரொட்டிக்கடை ஜமைக்காக்காரர், அபராதத்தைத் தள்ளுபடி செய்த நீதிபதி, டியூக் என்ற நாய். கார்னெலின் அம்மா எர்லீன் டிப்ஸ் மட்டும் இல்லை. இரண்டு வருஷம் அவள் வீட்டு முன்னறையில்தான் மூவரும் ஒத்திகை பார்த்தார்கள், அவள் சமைத்ததைத்தான் தின்றார்கள்.

இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்ததும் கார்னெல் அம்மா வீட்டில்தான் சாப்பிடுவார். வெண்டல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் கேக்கும் மறுகையில் நோட்டீஸுமாகப் போனார். எண்பத்து நான்கு வயது எர்லீன் சர்ச் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.

"வெண்டலா? வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மிஸ் எர்லீன். நல்லா இருக்கீங்களா?"

"உள்ள வா. கீரை இருக்கு."

மேஜையில் உட்கார்ந்திருந்த கார்னெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வெண்டல் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே நம்பும்படியாக இல்லை. கார்னெல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நீதிபதிக்கு நன்றி சொன்ன. நாய்க்கு நன்றி சொன்ன. இந்த வீட்டுல தின்னுட்டு எங்கம்மாவுக்குச் சொல்லல. இப்ப என் கையெழுத்து வேணுமா?"

வெண்டல் எர்லீனைப் பார்த்தார். அவள் தொப்பியைக் கழற்றி, ஊசியை அதிலேயே குத்தி வைத்தாள்.

"நான்தான் போடாதேன்னேன்."

"என்னது?"

"மூணாவது பாட்டுல அசிங்க அசிங்கமா ஏதோ பேசினீங்களே. எங்க போதகர் பெண்டாட்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தா என் பேர் அங்க இருக்கணுமா? உங்கிட்ட சொல்ல வேணாம்னும் வெண்டல்கிட்ட சொன்னேன். நீ கத்துவ."

கார்னெல் மெதுவாக வெண்டல் பக்கம் திரும்பினார். "முப்பத்தெட்டு வருஷமா வாயைத் திறக்கலியா நீ?"

"சத்தியம் வாங்கிட்டாங்கடா."

"பனியில நின்னேன்டா நான்."

"பார்த்தேன். ஹாரன்கூட அடிச்சேன்."

கார்னெலுக்குக் கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போயிற்று. முப்பத்தெட்டு வருஷம் பத்திரமாகக் காத்த கோபம், ஒரு நிமிஷத்தில் சொந்தக்காரர் இல்லாததாகிவிட்டது. மனிதர்கள் அந்த மாதிரி நேரத்தில்தான் உளறுகிறார்கள்.

"பேர் வேணாம்னா அப்ப குரல் மட்டும் எதுக்கு இருக்கு?"

"யார் குரல்?" என்றாள் எர்லீன்.

இருவரும் கீரையைப் பார்த்தார்கள்.

"கார்னெல். யார் குரல்?"

வெண்டல்தான் போனை எடுத்து எட்டாவது பாட்டைப் போட்டார். அது இந்த முன்னறையில் பதிவானது. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று எல்லாம் நிற்கிறது. சமையலறையிலிருந்து ஒரு பெண்ணின் அதட்டல்: "கார்னெல், அந்தக் கீரைச் சட்டியை யார் கழுவுறது?" அதன்மேல் தாளம் வந்து விழுகிறது. ஸ்டூடியோவில் அதை வெட்டப் பார்த்தார்கள். வெட்டினால் பாட்டு செத்துப்போனது, விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து, எந்த ஊரில் அந்தப் பாட்டு ஓடினாலும் கூட்டம் முழுக்க அந்த இடத்தில் சட்டியைப் பற்றிக் கேட்கும். மகள் கல்யாணத்தில் இருநூறு பேர் வாயைப் பிளந்து கேட்டதும் அதைத்தான். இந்தத் தட்டைத் தொடவே மாட்டேன் என்றிருந்த எர்லீனுக்கு மட்டும் தெரியாது. கார்னெல் அதை அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டாள்.

"குரல் நல்லாத்தான் இருந்திருக்கு. இது இப்ப யார்கிட்ட இருக்கு?"

"டெலவேர்ல ஒரு கம்பெனி, மிஸ் எர்லீன். கார் கழுவுற இடமும் நடத்துறாங்க."

"எனக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியாது."

"முன்னப்பின்ன தெரியாதவன் வீட்டுல என் குரல் முப்பத்தெட்டு வருஷமா வேலை பார்க்குதா? கார்னெல், கையெழுத்துப் போடு. அதைக் கூட்டிட்டு வாங்க."

"அம்மா, யோசிச்சு..."

"யோசிக்க நீ அதுல என்ன பாடியிருக்க? தும்மினியா?"

கார்னெல் பேனாவை வாங்கிப் போட்டார். வெண்டல் மையை ஊதி ஊதிக் காயவைத்தார்.

"திரும்பக் கிடைச்சதும் புதுசா அச்சடிப்போம் மிஸ் எர்லீன். பேர் போடலாமா?"

அவள் நிதானமாக யோசித்தாள். "அந்தப் போதகர் பெண்டாட்டி போய்ப் பதினோரு வருஷமாச்சு. போடு. நாய்க்கு மேல."

அன்று சட்டியை வெண்டல் கழுவினார், கார்னெல் துடைத்தார். அடியில் பிடித்திருந்ததைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று எர்லீன் இன்னொரு முறை கழுவ வைத்தாள்.

திங்கட்கிழமை வெண்டலுக்குப் பகல் முழுக்க வேலை. நோட்டீஸைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகச் சேர்க்கும் பொறுப்பைக் கார்னெல் ஏற்றுக்கொண்டார். நிறுத்தத்தில் நின்றிருந்தார். வெண்டலின் பஸ் வந்தது. கதவு திறந்தது. கார்னெல் ஒரு கணம் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு ஏறினார். உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"டேய்" என்றார் நான்காவது நிறுத்தத்தில். "எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவியா? நடந்தே போயிருக்கலாம்."