ஆளில்லா வானூர்தியோடு தொப்பூருக்கு

காலை ஐந்தரை மணிக்கு அரூரிலிருந்து வாடகை வேனில் புறப்பட்டோம். முன்னால் ஓட்டுநர் கோவிந்தன் அண்ணனும் நானும். பின்னால், பெரிய பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டிருந்த எங்கள் ட்ரோன். சாமான் மாட்டும் கொக்கி வளைந்துவிடக் கூடாது என்பதால் அதை எப்போதும் வயிறு மேலே தெரியும்படிதான் எடுத்துப் போவோம்.

எங்கள் பட்டறை வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் செய்கிறது. அவற்றைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் பொறியாளர் நான். ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் பிரிவினர், ஆளில்லா வானூர்தி செய்கிறவர்களைத் தொப்பூர் அருகே ஒரு கல்லூரிக்கு அழைத்திருந்தார்கள். டெண்டர் போடுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசும் கூட்டம். மலையுச்சிக் காவல் நிலைகளுக்குச் சாமான் தூக்கிப் போக ட்ரோன் வேண்டும். எப்படிப்பட்டது என்பது இன்னும் முடிவாகவில்லை. எங்களுக்கு அனுப்பியிருந்த முதல் வரைவில் இருபது கிலோ தூக்க வேண்டும் என்று இருந்தது. எங்களுடையது ஆறு கிலோ தூக்கும். வரைவு அப்படியே டெண்டர் ஆகிவிட்டால் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு உள்ளே நுழையவே வழியில்லை. சின்னதற்கும் ஓர் இடம் உண்டு என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட்டு வரவேண்டும். முதலாளிக்குக் காய்ச்சல். “நீயே போயிட்டு வாம்மா. நான் வந்தாலும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்” என்று அனுப்பிவிட்டார்.

தருமபுரி வந்து சேரும்போது மணி ஏழு ஆகவில்லை. நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து நிலையத்தின் எதிரே டீ பதினைந்து ரூபாய். இஞ்சி தட்டிப் போட்டது. கோவிந்தன் அண்ணனுக்கு வழி முழுக்க ஒரே சந்தேகம்.

“ஆளில்லாம பறக்கும்னு சொல்றீங்க. அப்பறம் நீ எதுக்கு பாப்பா கூட வர்ற?”

“ஆளில்லாததுக்குத்தாண்ணா ஆள் அதிகமா வேணும்.”

“என் வண்டியும் அப்படி ஓட்டிடுவாங்களா?”

“தொப்பூர் எறக்கத்துல ஓட்டட்டும், அப்பறம் பாக்கலாம்.”

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. இரண்டாவது டீக்கு அவரே காசு கொடுத்தார்.

அங்கிருந்து சேலம் நெடுஞ்சாலை. சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. இந்த வழியாக வராதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் கருகிய குன்றுகள், நடுவே சாலை வளைந்து இறங்கும். லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு வரிசையாகப் போகும். பிரேக் சூடாகும் வாடை வேனுக்குள்ளேயே வரும். ஓரத்தில் ஒரு லாரி மூக்கு நசுங்கிக் கிடந்தது. பார்த்தும் பார்க்காதது போல எல்லோரும் கடந்தார்கள்.

இறக்கத்தில் ஒரு முனியப்பன் கோயில். ஓட்டுநர்கள் அங்கே நிறுத்தாமல் போவது அபூர்வம். கோவிந்தன் அண்ணனும் நிறுத்தினார். சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்து வேனின் நெற்றிக்கு வைத்தார், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் சற்றுத் தள்ளி நின்று முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“கயிறு தளர்ந்திருக்கான்னு பாத்தேன், பாப்பா” என்றார்.

எட்டே காலுக்குக் கல்லூரியை அடைந்தோம். வாசலில் கழுத்து அட்டை கொடுத்தார்கள். என் பெயர், கீழே ‘பொறியாளர்’. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது நான்தான். அட்டையைப் போட்டோ எடுத்து இண்டூரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டுப் பெண் படித்துக் காட்டியிருப்பாள். சிறிது நேரத்தில் அம்மாவிடமிருந்து ஒரு குரல்செய்தி: “பேரு பெருசாத்தான் போட்டிருக்காங்களாம். சாப்டியா?”

கூட்டத்தை நடத்தியவர் ஒரு மேஜர். வேலூர்ப் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசினார். வரைவை வரி வரியாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் “முடியுமா?” என்று கேட்டார். முதல் வரிசையிலிருந்து ஒரே பதில்தான் வந்தது. குளிரில் பறக்குமா? முடியும் சார். காற்றில்? முடியும் சார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய நிறுவனத்து மேலாளர், கேள்வி முடிவதற்கு முன்பே தலையாட்டினார். நல்ல சட்டை, நல்ல பெட்டி.

இருபது கிலோ வந்தபோது எழுந்து நின்றேன்.

“எங்களுது ஆறு கிலோதாங்க சார் தூக்கும். ஆனா ரெண்டு பேர் முதுகுல மாட்டிக்கிட்டு நடந்து போயிடலாம். பெருசுக்கு வண்டி வேணும், வண்டிக்கு ரோடு வேணும். ரோடு இருந்தா ட்ரோன் எதுக்குங்க?”

அறையில் கொஞ்சம் சிரிப்பு. மேஜர் சிரிக்கவில்லை. “மத்தியானம் பறக்கவிட்டுக் காட்டுங்க” என்றார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கல்லூரிக்குப் பின்னால் இருந்த தரிசுக்கு வந்தார்கள். கல்லூரிப் பையன்கள் இருவர் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். இறக்கைகள், பேட்டரி எல்லாம் பார்த்துவிட்டுப் பறக்கவிட்டேன். நடுவானில் அசையாமல் நின்றது. நெஞ்சு நிறைந்தது.

“இப்ப சாட்டிலைட் சிக்னல அணைச்சிடுங்க. மலை மேல எதிரி மொதல்ல அதைத்தான் கெடுப்பான்” என்றார் மேஜர்.

அதற்குத்தான் வயிற்றில் ஒரு கேமரா இருக்கிறது. சிக்னல் இல்லாவிட்டால் கீழே தரையைப் பார்த்து நின்ற இடத்திலேயே நிற்கும். பட்டறையில் பலமுறை செய்து பார்த்ததுதான். பொத்தானை அழுத்தினேன். ட்ரோன் குடிகாரனைப் போல ஒருபக்கமாகச் சாய்ந்து, வேப்பமரத்தை நோக்கிப் போகத் தொடங்கியது. முழுக் கட்டுப்பாட்டையும் கைக்கு எடுத்து, மரத்தைத் தொடாமல் இறக்கினேன்.

ட்ரோனைத் திருப்பிப் பார்த்தேன். கேமராக் கண்ணாடியின் மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

வேலி ஓரம் நின்ற கோவிந்தன் அண்ணன் ஓடி வந்தார். “நெத்தி எதுன்னு தெரியல பாப்பா. நடுவுல வட்டமா இருந்துச்சு, அதான்னு வச்சிட்டேன்.”

பட்டறையில் நாங்களும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொட்டு வைக்கிறவர்கள்தான். கண்ணாடியைத் தொடக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னார்கள்? கிளம்பும்போது பார்த்தாயிற்றே என்று நானும் இங்கே வயிற்றைத் திருப்பிப் பார்க்கவில்லை. இதை அப்படியே மேஜரிடம் சொன்னேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். பெங்களூர் மேலாளர் மட்டும் தன் பெட்டியைத் திறந்து, லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். துடைத்துவிட்டுத் திரும்பப் பறக்கவிட்டேன். சிக்னல் இல்லாமலே ஆணி அடித்தது போல நின்றது.

மேஜர் இறங்கிய ட்ரோனைக் குனிந்து பார்த்தார். “சந்தனம் இங்க. மேல போனா பனி, சேறு ஒட்டும். கண் மறைஞ்சிட்டா அதுக்கே தெரியுமா?”

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அந்தச் சொல் நாக்கு வரை வந்தது.

“தெரியாதுங்க சார். தெரியாமலே பறக்கும். அதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட இன்னும் வழி இல்லைங்க.”

அப்புறம் பெங்களூர் மேலாளர் தொண்டையைச் செருமினார். “எங்களோடதும் அப்படித்தான் சார். குளிர்லயும், காலையில சொன்ன அளவுக்கு பேட்டரி நிக்காது.” அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்றாக முடியாதவை வெளியே வந்தன. காலையில் அறைக்குள் நடந்த பேச்சைவிட அந்த வேப்பமரத்தடிப் பேச்சு நீளமாக ஓடியது. உதவியாளரிடம் மேஜர் வரைவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: கண் மறைந்தால் அதுவாகவே உணர்ந்து பத்திரமாக இறங்க வேண்டும்.

பிறகு என்னைப் பார்த்து, “ரெண்டு பேர் தூக்கிட்டுப் போறது தனியா ஒண்ணு வேணுமான்னு மேல இருக்கறவங்ககிட்ட கேக்கறேன். உறுதி சொல்ல முடியாதும்மா” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. துணியைத் திருப்பிக் கொடுத்தபோது பெங்களூர்க்காரர், “வச்சிக்கோங்க, அடுத்த முனியப்பனுக்கு” என்றார்.

திரும்பும் வழியில், மேட்டில் கோவிந்தன் அண்ணன் கியரைக் குறைத்தார். பிறகு, “என்னால கெட்டுதா, பாப்பா?” என்றார்.

“கெட்டது நாலு நிமிஷந்தாண்ணா. கண்ணாடின்னு உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்.”

தருமபுரியில் இறங்கிக்கொண்டேன். அவர் ட்ரோனோடு அரூருக்குப் போனார். நான் நகரப் பேருந்து பிடித்து இண்டூர் வந்தேன். அப்பா வீட்டு வாசலில் மறுநாள் மார்க்கெட்டுக்குத் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆர்டர் குடுத்தாங்களா?”

“இல்லப்பா. அதெல்லாம் அப்பறம். அவங்களுக்கு என்னா வேணும், எங்களால என்னா முடியும்னு இப்ப கேக்கறாங்க.”

“செய்யறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமாம்பா.”

கையிலிருந்த தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாத்து நடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒருத்தனும் வந்து கேட்டதில்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, அப்படியும் உலகத்தில் நடக்கிறதா என்று கேட்பதுபோல் இருந்தது. விளைந்ததைக் கொண்டுபோய்க் கொட்டி, வியாபாரிகள் விலை சொல்லும் வரை நின்று பழகியவர். அந்தத் தரிசு நிலத்தில் எனக்குக் கிடைத்தது என்னவென்று அப்போதுதான் முழுதாக விளங்கியது.

“நீ என்னா சொன்ன?”

“முடியாததச் சொன்னேம்பா.”

“அதுக்கு என்னா சொன்னாங்க?”

“எழுதிக்கிட்டாங்க.”

அப்பா கூடையை ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் நான் உட்கார இடம் செய்தார். “மொதல்லருந்து சொல்லு” என்றார்.