திரைக்கு வெளியே உட்கார்ந்த கமிட்டி

பிள்ளைகளே, குமாரபாளையத்துக்கு வந்த புதிதில் அசர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் போனால் பள்ளிவாசலில் புறாக்கள்தான் இருக்கும். எங்கள் கடற்கரை ஊரில் தொழுது, தேநீரும் குடித்துவிடும் நேரத்தில் இங்கே தொழுகைக்கு அழைக்கும் பாங்கே சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் ஷாஃபி மத்ஹபு, இவர்கள் ஹனஃபி. ஒரே மார்க்கத்தில் இரண்டு பழைய சட்ட வழிகள். இரண்டும் சரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தன்னுடையது கொஞ்சம் கூடுதல் சரி என்று மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து நண்டு. பக்கத்து வீடு பள்ளிவாசல் ஜமாஅத் கமிட்டிச் செயலாளருடையது. குடிவந்த வாரமே என் மனைவி அன்பாக நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். சட்டி மூடி திறக்காமல் திரும்பியது. கடலில் மீனைத் தவிர வேறெதுவும் ஹனஃபிகளுக்கு ஆகாதாம். அன்றிலிருந்து எனக்கு நண்டு பாய் என்று பெயர்.

என் மூத்த மகள் ஸுமையா ஊரில் பெண்கள் மத்ரஸாவில் ஐந்து வருடம் ஓதி ஆலிமா, அதாவது மார்க்க அறிஞர், ஆனவள். அரபு இலக்கணம், ஹதீஸ், இரண்டு மத்ஹபுச் சட்டங்கள், எல்லாம் கிதாபுகள் என்கிற பழைய அரபு நூல்களிலிருந்தே. நான் வேலை செய்யும் தறிப்பட்டறை முதலாளி விசாரித்தார்.

"பாப்பா என்னங்க பாய் படிச்சிருக்குது?"

"ஆலிமாங்க."

"அதுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வருதுங்களா?"

வராது என்றேன். "உடுங்க, எம்பட பையன் இன்ஜினியரிங் காலேசுக்கும் வரலீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

இங்கே பெண்களுக்கு மார்க்கத்தில் சந்தேகம் வந்தால் கணவரிடம் சொல்வார்கள். அவர் இமாமிடம் கேட்பார். நடுவில் டீக்கடை இருக்கிறது. கேள்வி பாதியாகப் போகும், பதில் கால்வாசியாக வரும். தானே பாடம் நடத்தலாமே என்று ஸுமையா பள்ளிவாசல் மாடியைக் கேட்டாள். கிடைக்காவிட்டால் ஓதிய ஓதலெல்லாம் அலமாரிக்குள்தான்.

அவளைச் சோதித்துப் பார்க்கக் கமிட்டியார் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். திரைக்கு உள்ளே மகள்.

"நண்டு திங்கலாமுங்களா, அம்மிணி?" என்றார் செயலாளர். ஆகும் என்றால் மத்ஹபைக் கெடுக்க வந்தவள். ஆகாது என்றால் பெற்றவள் சட்டியைப் பழித்தவள்.

"எங்க வீட்டுக்கு ஆகும், உங்க வீட்டுக்கு ஆகாது. உங்க பெண்களுக்கு உங்க கிதாபுப்படிதான் நடத்துவேன்" என்ற மகள், அந்தக் கிதாபின் அரபு வரிகளையும் ஓதினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். புரிந்த தலையாட்டலா என்று நான் ஆராயவில்லை.

"அதெல்லாஞ் செரி. பொம்பளை மார்க்கஞ் சொல்றது நம்மூர்ல வழக்கமில்லீங்களே" என்றார் செயலாளர்.

"மாமா, நபியவர்களோட மனைவிகிட்ட நபித்தோழர்கள் திரைக்கு வெளியே உட்கார்ந்து மார்க்கம் கேட்டாங்க. இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே மாதிரி."

செயலாளர் திரையைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார். "டீ வந்தாக் குடிச்சுட்டுக் கெளம்பலாமுங்க" என்றார்.

மாடி கிடைத்தது. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அதில் கமிட்டியார் அத்தனை பேர் பெயரும் உண்டு. பாடம் நடத்துகிறவள் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லையாம். முதல் நாளே முன்வரிசையில் உட்கார்ந்தவர் செயலாளரின் மனைவி.

ஸுமையா சொல் தவறவில்லை. பாடம் முழுக்க ஹனஃபி. அக்காவை ராத்தா என்று கூப்பிடும் என் சின்ன மகள் நூராவும் அங்கேதான் ஓதுகிறாள். தொழுகையில் குனியும் முன் ஷாஃபிகள் நாங்கள் இரண்டு கைகளையும் உயர்த்துவோம், ஹனஃபிகள் உயர்த்துவதில்லை. நேற்று என் பக்கத்தில் தொழுத நூரா ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன்.

தொழுது முடித்து, "என்ன புள்ள இது?" என்றேன்.

"ஒசத்துனது உங்களுக்கு வாப்பா. ஒசத்தாதது ராத்தா பாடத்துக்கு."

எந்தக் கையைத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.