வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தவர்

தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நல்லசிவம், மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பேச்சு குறைவு; குடிப்பழக்கம் கிடையாது. இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய சிறுகுடல் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று கறுத்துப் போயிற்று. உயிரைக் காப்பாற்றப் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். மிஞ்சியது இரண்டு முழம். ஆறு மாதத்தில் தேறி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினார்.

முதலில் அது நடந்தது பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம். பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு மனைவி மீனாக்ஷி உள்ளே வந்தாள். அவர் சோபாவின் நுனியில், அந்நியர் வீட்டுக்கு வந்தவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

"காப்பி போடட்டுமா?"

அவர் எழுந்து கும்பிட்டார். "வேண்டாம்மா. வீட்டுக்காரர் எப்ப வருவார்?" நாக்கு தடித்துக் குரல் குழறியது.

"யாரைக் கேக்கீய?"

"நல்லசிவத்தை. ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன்."

மீனாக்ஷி சிரித்துவிட்டாள். பிறகுதான் அவர் கண்களைப் பார்த்தாள். முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவளை அந்தக் கண்கள் முதல்முறையாகப் பார்த்தன. அவர் சுவரில் இடித்துக்கொண்டே நடந்து, வாசல் கதவருகே போய்க் காவலுக்கு நிற்பவர்போல் நின்றார். மறுநாள் காலை வழக்கம்போல் பேப்பர் படித்தார். எதுவும் நினைவில்லை.

அதன்பின் மாதம் ஒருமுறை, இருமுறை வந்தது. ஆபீஸ் வராந்தாவில் தள்ளாடியபோது, "சிவம்ஜி, தின் மே ஹீ?" என்று, பகலிலேயே குடித்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். ரத்தத்தில் சாராயத்தின் சுவடே இல்லை. தலை ஸ்கேனிலும் குறையில்லை. மனநல மாத்திரைகள் தூங்க வைத்தன, அவ்வளவுதான். அந்த நேரங்களில் அவர் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுப்பதில்லை. அந்த மரியாதைதான் மீனாக்ஷியை நடுங்க வைத்தது. கல்லூரியில் படிக்கும் மகள் மானசா ஒருநாள் போனில் அதைப் பதிவு செய்தாள். தெளிந்தபின் அவர் அதைக் கேட்க மறுத்துவிட்டார்.

ஏப்ரலில் அந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. எந்த அமிலம் என்று வழக்கமான சோதனைகளில் பிடிபடவில்லை. குடல் டாக்டர் சுபாஷிணி ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இப்படி ஆறதுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டார்?"

மீனாக்ஷி யோசித்தாள். முதல் தடவை சர்க்கரைப் பொங்கல். பிறகு ஒரு கல்யாணத்தில் ஜிலேபி. மானசா பிறந்தநாளுக்குப் பாயசம். நேற்று எலுமிச்சம்பழச் சாதமும் அல்வாவும்.

"எல்லாம் நான்தானே டாக்டர் சாப்பிட வச்சேன்?"

"உங்க தப்பு இல்லைம்மா. சிறுகுடல் குட்டையானதால மாவும் சர்க்கரையும் ஜீரணமாகாமப் பெருங்குடலுக்குப் போகுது. அங்க கிருமிங்க அதைப் புளிக்க வச்சு ஒரு அமிலமாக்குது. அதுதான் மூளையைக் கலக்குது. அபூர்வம், அதான் யாருக்கும் தோணலை."

வெளி லேபுக்கு அனுப்பிய ரத்தம் அவர் சொன்னதையே உறுதி செய்தது. கிருமிகளை அடக்க மருந்து கொடுத்தார்கள். வேளைக்கு ஒரு கைப்பிடிச் சோறுதான், இனிப்பு அறவே கூடாது என்று சாப்பாடு மாறியது. அதன்பின் அது வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே மானசாவிடம் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கினார்.

"நீங்க யாரு அங்கிள்?" என்று அதில் மானசா, அவர் போக்கிலேயே போய், பயந்த குரலில் கேட்கிறாள்.

"தெரியலையேம்மா. அவர் வந்தாச் சொல்லுவார்."

நல்லசிவம் இருமுறை கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை" என்றார். பிறகு, "அழிக்க வேண்டாம்" என்றார்.

அந்தக் கிருமிகள் முழுதாகச் சாகவில்லை, அடங்கித்தான் கிடக்கின்றன என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தலைநகரிலேயே, துவாரகா பகுதியில் போன மாதம் நடந்த கல்யாணத்தில், யாரோ வற்புறுத்தி அவர் இலையில் லட்டு வைத்தார்கள். மீனாக்ஷி எட்டி அதை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் குனிந்தபடி கைப்பிடிச் சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தார்.