பெர்னார்டின் முன்னுரைகள்

சிங்கப்பூரில் டவுன்டவுன் பாதையின் முதல் ரயில் புக்கிட் பாஞ்சாங்கை விட்டுக் கிளம்பும்போது பெர்னார்ட் கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் கைப்பேசியைக் குத்திக்கொண்டிருப்பார். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு அசையும். சாங்கிப் பக்கம் போய் இறங்குவதற்குள் அன்றைய பாட்டு வாட்ஸ்அப் குழுவில் அறுபத்துமூன்று பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். டிசம்பர் ஒன்று முதல் இருபத்தைந்து வரை நாளுக்கொரு பாட்டு. எல்லாம் அவருக்குப் பிடித்த பாட்டு. நமக்குப் பிடித்ததா என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டு மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய சினிமாப் பாட்டு வரும், மலாய்ப் பாட்டு வரும், யாரும் கேட்டிராத மிருதங்கத் தனி ஆவர்த்தனம்கூட ஒரு வருடம் வந்தது. பாட்டை நாங்கள் தாங்கிக்கொள்வோம். பாட்டுக்கு மேலே அவர் எழுதும் முன்னுரையைத் தாங்குவதற்குத்தான் தனிப் பொறுமை வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பாட்டுக்கு முன்னுரையாகப் பந்தயக் குதிரையின் கதை ஒன்று வந்தது. சரக்கு விமானத்தில் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்த குதிரை, இவர் அந்தப் பாட்டை முணுமுணுத்ததும் பெட்டிப் பாம்பாக அடங்கி உள்ளே போனதாம். பாட்டு மூன்று நிமிடம். குதிரை ஏறி முடிய ஏழு நிமிடம் ஆயிற்று.

சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளை அடுக்கி, வலை போட்டு, இறுக்கிக் கட்டும் குழுவுக்கு அவர் மேற்பார்வையாளர். முப்பத்தொரு வருட வேலை கையிலேயே தங்கிவிட்டது. கடையில் டாபாவ் கட்டி வீட்டுக்கு வாங்கிவரும் பரோட்டாப் பைக்கும் இரட்டை முடிச்சுப் போடுவார். வீட்டில் அவர் மனைவி ஜெசிந்தா அதைக் கத்தரிக்கோலால்தான் திறப்பார். டிசம்பரில் மட்டும் சிவப்புக் காலுறை. சீருடைக்கு ஒத்துவராது என்று மேலதிகாரி சொன்னபோது, "விமானம் என் காலையா சார் பாக்குது?" என்று கேட்டாராம்.

நான் அவருக்கு இரண்டு மாடி மேலே குடியிருக்கும் சுப்பிரமணியம். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனைப் பார்க்கப் போகிறவன். தேவாலயத்து ஆட்கள் நிறைந்த குழுவில் எனக்கென்ன வேலை என்று கேட்டேன். "பாட்டு கேக்குறதுக்கு என்னா மதம் லா," என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். குழுவைத் தொடங்கிக்கொடுத்தது அவர் மகள் லொரைன். கோவிட் வந்த வருடம், தேவாலயப் பூசையில் யாரும் வாய்விட்டுப் பாடக்கூடாது என்று இருந்த டிசம்பரில், மனிதர் வீட்டுக்குள் கூண்டுப்புலியாக நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "நீங்க பாடவேணாம் டாடி, அனுப்புங்க," என்று அவள்தான் வழி காட்டினாள்.

லொரைனுக்கு முப்பத்துநான்கு வயது. மருத்துவமனை ஒன்றில் மருந்தாளர். சுவா சூ காங்கில் தோழியோடு வாடகைக்கு இருக்கிறாள். ஞாயிறு பூசைக்கு வந்து, அப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாலையில் எல்ஆர்டி ரயில் பிடித்துப் போவாள். எதற்கும் சட்டென்று சிரிக்கிற பெண்.

இந்த வருடம் மூன்றாம் தேதிதான் வினை வந்தது. அன்றைய பாட்டு ஒரு தாலாட்டு. அதற்கு முன்னுரை எழுதப் புகுந்தவர் லொரைன் பிறந்த நாளில் ஆரம்பித்து, அவளுக்குப் பல் முளைத்தது, பள்ளி நாடகத்தில் தேவதையாக நின்று மேடையிலேயே தூங்கிப்போனது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போய், கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'அடுத்த கிறிஸ்துமசுக்கு இந்தப் பாட்டை அவள் மாப்பிள்ளையோடு கேட்க எல்லோரும் ஜெபம் பண்ணுங்கள்.'

குழு இதுவரை காணாத சுறுசுறுப்பு அன்று காலை வந்தது. நாற்பத்தொரு கூப்பிய கைகள். தேவாலயத்துப் பிலோமினம்மாள் ஜெபத்தோடு நிற்கவில்லை. துவாசில் வேலை பார்க்கும் தன் அக்கா மகனின் படத்தைப் போட்டார். பையன் சிங்கப்பூர் ஆற்றின் முன்னால் குளிர்கண்ணாடி அணிந்து நின்றான். அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் உயரம், எடையோடு வந்தான். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஆறு நாற்பதுக்கு லொரைன் குழுவைவிட்டு வெளியேறினாள்.

நிர்வாகி அவள் ஒருத்திதான். அவள் போனதும் வாட்ஸ்அப் என்ன கணக்குப் பார்த்ததோ, பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. தேவாலயத்துப் பாட்டுக் குழுவுக்கு முருக பக்தன் நிர்வாகி. அன்று மாலையே பெர்னார்ட் என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஏதோ பட்டனைத் தவறாக அமுக்கிவிட்டாள் போல, மறுபடி சேர்த்துவிடுங்கள் என்றார். தவறாக அமுக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். நான் சேர்க்கவில்லை.

அந்த ஞாயிறு அவள் பூசைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பிறகு அம்மாவுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்: கிறிஸ்துமஸ் அன்று டியூட்டி எடுத்துக்கொண்டேன், சாப்பாட்டுக்கு வர மாட்டேன். ஜெசிந்தா அதை லிஃப்டில் என்னிடம் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெல்பர்னில் படித்த வருடங்களில்கூட அவள் ஒரு கிறிஸ்துமசுக்கும் வராமல் இருந்ததில்லை.

பெர்னார்டின் முன்னுரைகள் மெலியத் தொடங்கின. பத்தாம் தேதி நான்கு வரி. பதினைந்தாம் தேதி ஒரு வரி. பதினெட்டில் பாட்டு மொட்டையாக வந்தது. இத்தனை வருடமும் எப்போது இவர் நிறுத்துவார் என்று முனகிய கூட்டம் பதறிப்போனது. அவரோடு வேலை செய்யும் ரமீஸ் எனக்கு ஃபோன் செய்து, "அண்ணே, பெர்னார்ட் அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்று விசாரித்தார். பிலோமினம்மாள் கஷாயக் குறிப்பு அனுப்பினார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஏதாவது அனுப்ப இருக்கிறது.

இருபத்துநான்காம் தேதி காலை வழக்கம்போல நானும் அவரும் தேக்கா சந்தைக்குப் போனோம். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு ஆட்டிறைச்சியை அஸ்மத் பாய் கடையில்தான் வாங்குவார். பண்டிகைக்கு முந்தைய நாள் என்பதால் ஊரே அங்கே வரிசையில் நின்றது. மணி ஒன்பது. அன்றைய பாட்டு இன்னும் யாருக்கும் வரவில்லை. கேட்டேன்.

"இன்னைக்குப் பாட்டு குரூப்புக்கு இல்ல சுப்பு. அவளுக்கு மட்டும் அனுப்பலாம்னு பாக்குறேன். ஆனா என்னா எழுதுறதுன்னு தெரியல."

"மன்னிப்புக் கேளுங்க."

"பெத்த மககிட்ட எப்படி லா கேக்குறது? நான் என்னா தப்பாவா சொன்னேன்? ஜெபம்தானே பண்ணச் சொன்னேன்."

"கடவுள்கிட்ட சொல்லியிருந்தா ஜெபம். நீங்க அறுபத்துமூணு பேர்கிட்ட சொன்னீங்க."

அவர் கைப்பேசியை எடுத்தார். வரிசை நகர நகர அவரும் விரலால் குத்திக்கொண்டே நகர்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன், அதில் வெட்கமென்ன. திரை நிறைய எழுதியிருந்தார். மறுபடியும் பிறந்த நாள், மழை, ஆஸ்பத்திரி, நர்ஸ் சொன்னது என்று எல்லாம் இருந்தது. பிறகு அழிக்கத் தொடங்கினார். அந்த மனிதருக்கு மொத்தமாக அழிக்கத் தெரியாது. எழுத்தெழுத்தாக அழித்தார். நர்ஸ் போனாள், ஆஸ்பத்திரி போனது, மழை நின்றது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. கடைசியில் மூன்றே சொற்களை எழுதிப் பாட்டோடு சேர்த்து அனுப்பினார்: 'தப்பு என்னோடது. டாடி.'

அனுப்பிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். பிறகு நான்கு பேர். முன்னால் நின்ற அம்மா ஈரலுக்காக அஸ்மத் பாயோடு சண்டை பிடித்தார். பெர்னார்டின் நெற்றி வேர்த்திருந்தது. பிடிவாதக்காரர்தான், ஆனால் அந்தக் காத்திருப்பில் நான் அவருக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அதை நான் எந்தக் குழுவிலும் போடவில்லை.

எங்கள் முறைக்கு இன்னும் ஒருவர் இருக்கும்போது பதில் வந்தது. அவர் என்னிடம் நீட்டினார். கண்ணாடி இருந்தும் படிக்கத் தைரியமில்லை போலும். நான் படித்துச் சொன்னேன்: 'டியூட்டியை மாத்திக் கேட்டிருக்கேன் டாடி, குடுத்துடுவாங்க. நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரேன். மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தா பாதியில எழுந்து போயிடுவேன். இது எனக்குப் பிடிச்ச பாட்டு, கேளுங்க.' கீழே ஒரு பாட்டு இருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் பாட்டு அனுப்பியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பெர்னார்ட், எத்தன கிலோ?" என்று அஸ்மத் பாய் கத்தியைத் தீட்டியபடி கேட்டார்.

பெர்னார்ட் பின்னால் திரும்பி, கூடையோடு நின்ற பெண்ணிடம், "நீங்க வாங்குங்க ம்மா," என்றார். இறைச்சியை நான் வாங்கிவிடுகிறேன் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. கைப்பேசியை வாங்கி, மகள் அனுப்பிய பாட்டை ஓடவிட்டுக் காதோடு அழுத்திக்கொண்டு, வெளிக்கதவுவரை நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.